காஜா பெராங் பஸ்ஸில் ஒரு பல்கலைக்கழகம்

மலாக்கா நகரத்தில் பல்கலைக்கழகத்தை முழுவதும் படித்து முடித்தவர் ஒரே ஒருவர்தான். முன்னட்டையில் தொடங்கிப் பின்னட்டை வரை, ஒரு வரி விடாமல், பதினேழு தடவை. ஊரில் டாக்டர்கள் இருந்தார்கள், வக்கீல்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் ஆளுக்கு ஒரு துறையைப் படித்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள். எங்கள் ஆள் நிறுத்தவில்லை.

அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை போனவர். காக்கிச் சட்டை போட்டிருப்பார். மார்பில் டிக்கெட் கட்டுகள் செருகிய மரப்பலகையும், டிக்கெட்டில் ஓட்டை போடும்போது மணியடிக்கும் இயந்திரமும் தொங்கும். டவுனிலிருந்து காஜா பெராங் வழியாக புக்கிட் ரம்பாய் போகும் பஸ்ஸின் கண்டக்டர். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் 'புராஸ்பெக்டஸ்'.

பல்கலைக்கழகம் ஒன்று தன்னிடம் என்னென்ன பாடம் இருக்கிறது, எத்தனை வருடப் படிப்பு, யார் சேரலாம், எங்கே தங்கலாம் என்று அச்சடித்து வெளியிடும் கையேட்டுக்குத்தான் அந்தப் பெயர். அது அவர் கைக்கு வந்த கதை சின்னது. சுதந்திரத்துக்கு முந்தைய வருடம், ஒரு மழை நாளில், யாரோ ஒரு பயணி அதை ஸீட்டில் மறந்துவிட்டு இறங்கிவிட்டார். பஸ்ஸில் கிடந்த பொருளைக் கம்பெனி ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஒப்படைத்தார். ஒரு மாதம்வரை யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே கொடுத்துவிடுவார்கள். அந்த மாதம் ஒரு குடையைத் தேடி மூன்று பேர் வந்தார்கள். ஒரு கூடைக் கருவாட்டைத் தேடிக் கணவனும் மனைவியும் தனித்தனியாக வந்தார்கள். பல்கலைக்கழகத்தைத் தேடி மலாக்காவில் ஒருவரும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் அது அவருடையதாயிற்று.

தலைநகரில் அப்போது செம்மண் மேட்டின்மேல் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. நாடு நம்முடையதாகப் போகிறது, அதற்கு டாக்டரும் இன்ஜினியரும் நம் ஆட்களே வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். பேசியவர்களில் அந்தக் கையேட்டைப் பார்த்தவர் யாருமில்லை. கண்டக்டர் பார்த்தார். டிக்கெட்டின் பின்புறம், கடைப் பலகை, இருமல் மருந்துப் பாட்டில் ஆகிய மூன்று இடங்களில் சேர்த்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பதினேழாவது தடவை படித்து முடித்த மறுநாள் காலையில், பசார் ஸ்டாப்பில் பஸ் நின்றதும், கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூவினார்:

"பொருளாதாரம். மூணு வருஷம். எறங்கறவங்க எறங்கலாம்."

முதலில் யாரும் இறங்கவில்லை. காய்கறிக் கூடையோடு இருந்த சீன அம்மா ஒருவர், பசாரைத் தன் கண்ணாலேயே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அவரைத் திட்டிக்கொண்டே இறங்கினார்.

நான் எதையும் பட்டியல் போட்டு வைக்கிற ஜாதி. அந்த வாரமே ஒரு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவருடைய துறைகளை வரிசையாக எழுதிவைத்தேன். டவுனிலிருந்து கிளம்பினால் முதலில் கோர்ட், அது சட்டம். அடுத்து ரோடு இலாகா ஆபீஸ், இன்ஜினியரிங். என் பள்ளிக்கூடம், கல்வித் துறை. பசார் உங்களுக்குத் தெரியும். பெரிய பல்செட் படம் வரைந்த சீனப் பல் வைத்தியர் கடை, பல் மருத்துவம். இதை மட்டும் யாரும் மறுக்கவில்லை. கம்போங் செட்டி கோயில் முனை, இந்தியவியல். காஜா பெராங்குக்கு அப்பால் சீனக் கல்லறை, வரலாறு. எருமைகள் நிற்கும் வயல், விலங்கியல். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை, ரசாயனம். மூக்கு இருப்பவர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். கடைசி ஸ்டாப்பான புக்கிட் ரம்பாய், பட்டமளிப்பு விழா. அங்கே டிக்கெட் வாங்கியவர் வாங்காதவர் எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும்.

வெறும் பெயரோடு அவர் விடமாட்டார். "பல் மருத்துவம், அஞ்சு வருஷம், அவசரப்படாம எறங்குங்க" என்பார். கல்லறையில் மாலையோடு இறங்கும் குடும்பத்தைப் பார்த்து, "வரலாறு, ஆனர்ஸ்" என்று குரலைத் தாழ்த்துவார். எருமை வயலில் யாரும் இறங்கமாட்டார்கள். ஆனாலும் பஸ் ஒரு நிமிடம் நிற்கும். "இந்த வருஷம் விலங்கியலுக்கு ஆள் சேரல" என்று வருத்தத்தோடு மணிக்கயிற்றை இழுப்பார்.

மூன்று மாதத்தில் ஊர் படிந்துவிட்டது. கம்போங் செட்டியில் ஒரு பெரியம்மா உண்டு. மலாய்க்காரப் பெண்கள் போடும் கெபாயாச் சட்டையும் நெற்றியில் விபூதியுமாக இருப்பார். பேச்செல்லாம் மலாய்தான், தமிழில் சாமி பெயர்கள் மட்டும் தெரியும். அவரே கயிற்றை எட்டிப் பிடித்து, "இந்தியன் ஸ்டடிஸ், துருன்" என்று சத்தம் போட்டு இறங்க ஆரம்பித்தார். திட்டிய சீன அம்மா, பசாருக்கு டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டுப் பொருளாதாரம் கேட்டார். டிரைவர் மலாய்க்காரர், எங்களுக்கெல்லாம் பாக்சிக், அதாவது மாமா. அவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாத மனிதர். பல்கலைக்கழகத்தை ஓட்டுபவர் அவர்தான் என்பதால் பேசத் தேவையும் இருக்கவில்லை.

படியாதவர் ஒருவர் இருந்தார். என் அப்பா.

அப்பா ரோடு இலாகாவில் கிராணி. கடிதம், கோப்பு, நகல், முத்திரை என்று இருபது வருடம். டைப் அடித்த கடிதத்தைச் சரிபார்க்கும்போது ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் நகலைப் பார்ப்பார். கமா, ஃபுல்ஸ்டாப்பைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அது நாக்கிலேயே ஊறிவிட்டது. வீட்டில் செய்தித்தாளையும் அப்படியே படிப்பார். "சேதிய மட்டும் சொல்லுங்க, கமாவ நீங்களே வெச்சிக்குங்க" என்பாள் அம்மா.

அப்படிப்பட்டவர் தினமும் காலையில் இறங்கும் ஸ்டாப்பை ஒரு கண்டக்டர் இன்ஜினியரிங் என்று கூவினால்?

"யோவ் கண்டக்டர், இது ரோடு இலாகா ஆபீஸ்."

"அதேதான் கிராணி. இன்ஜினியரிங். நாலு வருஷம்."

"இருபது வருஷமா எறங்குறேன்யா."

"அப்ப அஞ்சு தடவ பாஸ் பண்ணியிருக்கீங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பா இறங்கவில்லை. இன்ஜினியரிங் என்று கூவும் இடத்தில் இறங்குவதில்லை என்று அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டார். அடுத்த ஸ்டாப்பில், அதாவது கோர்ட்டில், இறங்கித் திரும்பி நடந்து ஆபீஸ் போனார். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் ஆயிற்று. கிராணி தினமும் காலையில் கோர்ட் பக்கமிருந்து வருகிறார் என்பதை ஆபீஸ் கவனித்தது. இரண்டாவது வாரம், அவருக்கு ஏதோ சொத்துத் தகராறாம் என்று பேச்சு. மூன்றாவது வாரம் துரையே கூப்பிட்டு, லீவு வேண்டுமா என்று கேட்டுவிட்டார். நான்காவது வாரம் திங்கட்கிழமை நல்ல மழை. இன்ஜினியரிங் என்ற சத்தம் கேட்டதும், அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"சேர்ந்தாச்சு" என்றார் புராஸ்பெக்டஸ், கயிற்றை இழுத்துக்கொண்டே.

கம்பெனி சும்மா இருக்குமா? செக்கர் வந்தார். தொப்பி, பென்சில், நோட்டு. ஒரு நடை முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ஸ்டாப் பேரச் சொல்லு லா. என்னா இது, ரசாயனம், கிசாயனம்?" என்றார்.

"கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டாப்லயும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தம் குடுக்கணும். கம்பெனி விதி, பதினாலு. குடுக்கறேன். என்னா சத்தம்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"

செக்கர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எழுதியிருக்கவில்லை. புரட்டிக்கொண்டே இருந்ததில் அவர் இறங்க வேண்டிய இடம் தாண்டி, பட்டமளிப்பு விழாவரை போய்ச் சேர்ந்தார்.

எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். படிக்காதவன் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசலாமா என்று ஒருமுறை ஒரு வாத்தியார் கேட்டார். "படிக்கத்தான் சார் பாஸ் பண்ணணும். பேசக்கூடாதுன்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? நான் எல்லா டிபார்ட்மெண்டையும் ஒரு நாளைக்கி எட்டுத் தடவ தாண்டிப் போறேன். நீங்க?" வாத்தியார் கல்வித் துறையில் இறங்கிப் போனார்.

என் பட்டியலில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. காஜா பெராங், எங்கள் ஸ்டாப். அங்கே மட்டும் அவர் கூவமாட்டார். பஸ்ஸை நிறுத்திவிட்டு, "ம்" என்பார். நாங்கள் இறங்குவோம்.

எனக்கு அது பொறுக்கவில்லை. "அண்ணே, எருமைக்கே ஒரு துறை குடுத்திருக்கீங்க. எங்க ஸ்டாப் மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?"

"இருக்கற டிபார்ட்மெண்டெல்லாம் தீந்துபோச்சு தங்கச்சி. மிச்சம் இருக்கறது விளையாட்டுத் திடலும் சாப்பாட்டுக் கூடமும்தான். ஒனக்கு அது வேணுமா?"

"வேணாம்."

"அப்ப இரு. பரிசீலனைல இருக்கு."

அந்தப் புத்தகத்தை அவர் யாருக்கும் இரவல் தரமாட்டார். "நூலகத்த விட்டு வெளிய போகாது" என்பார். பஸ்ஸிலேயே, அவர் கண் முன்னால், கை துடைத்துவிட்டுப் படிக்கலாம். பள்ளிக்கூடத்திலிருந்து வீடுவரை இருபது நிமிடம். இருபது இருபது நிமிடமாக நானும் அதைப் படித்து முடித்தேன். எல்லாவற்றையும் படித்த பிறகு எனக்கு வேண்டியது ஒரு பக்கம்தான் என்று தெரிந்தது. முப்பத்தொன்றாம் பக்கம். இன்ஜினியரிங்.

கணக்கில் நான் வகுப்பில் முதல். பாலம் எப்படி நிற்கிறது, ரோடு ஏன் வளைவில் ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயங்கள். வீட்டில் சொன்னேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"பொம்பளப் புள்ள டீச்சரா போகலாம். நர்ஸா போகலாம். இன்ஜினியரிங்ல ஒன்ன எடுக்கவே மாட்டாங்க."

"எடுத்தா?"

"எடுக்க மாட்டாங்கங்கறேன்."

"ஃபாரம் குடுத்தா கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

கொடுக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில், "குடுத்தா போடறேன்" என்றார். கிராணி வாக்கு, பதிவாகிவிட்டது. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த மாதமே பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அதிகாரி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதாக அறிவித்தார்கள். பாடங்களைப் பற்றி எடுத்துச் சொல்வார், கூட்டம் முடிந்ததும் விண்ணப்பப் படிவங்களைக் கையிலேயே கொடுப்பார், அதற்குப் பிறகு மலாக்காவுக்குப் படிவம் வராது. அதாவது எனக்கு இருந்தது ஒரு மாலை நேரம். காலையில் பஸ்ஸில் புராஸ்பெக்டஸிடம் சொன்னேன். அவர் டிக்கெட்டில் ஓட்டை போட்டுக்கொண்டே, "அஞ்சு மணி பஸ்ல வந்து என்னா சொன்னாங்கன்னு சொல்லு. ஒரு வரி விடக்கூடாது" என்றார்.

அதிகாரி கழுத்தில் டை கட்டிய இளைஞர். கலைப் பிரிவு, அறிவியல், மருத்துவம் என்று வரிசையாகச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், ஆனால் புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். பையன்களின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்காமல் இன்ஜினியரிங் படிவம் கொடுத்தார். என் முறை வந்தது.

"உங்களுக்குக் கலைப் பிரிவு" என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"இன்ஜினியரிங்" என்றேன்.

அவர் சிரித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. "அது பெண்களுக்குச் சரிப்படாது. பட்டறை வேலை, வெயில், அளவெடுப்பு. அடுத்தவர் வாருங்கள்."

நான் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், அப்போதும் நகரவில்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை, ஆகவே நின்றேன். நிற்பதும் ஒரு பதில்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். மணி ஐந்து அடித்தது. ஐந்து ஐந்து ஆயிற்று. வெளியே பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. "கல்வித் துறை" என்ற கூவலும் கேட்டது. நான் போகவில்லை.

பிறகு நடந்ததைப் பஸ்ஸில் இருந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். நான் ஏறாததைப் பார்த்து அவர் மணிக்கயிற்றை இழுக்கவில்லை. ஒரு நிமிடம் பார்த்தார், இரண்டு நிமிடம் பார்த்தார். "பாக்சிக், இஞ்சினை நிறுத்துங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். கண்டக்டர் இல்லாமல் பஸ் போகாது. போகாத பஸ்ஸில் உட்கார்ந்து என்ன செய்வது என்று பயணிகளும் பின்னால் வந்தார்கள்.

மண்டபக் கதவு திறந்தது. முன்னால் டிக்கெட் பலகையோடு அவர். பின்னால் கூடையோடு பொருளாதாரம். அதற்குப் பின்னால் விபூதிப் பெரியம்மா. எல்லோருக்கும் பின்னால், ஆபீஸ் முடிந்து அதே பஸ்ஸில் வந்த என் அப்பா, இந்தக் கூட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டு.

"என்னா தங்கச்சி, ஃபாரம் வாங்கியாச்சா?"

"பொம்பளைங்களுக்குக் குடுக்க மாட்டாங்களாம்."

அவர் மேஜைக்கு நேராகப் போனார். தனக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையையும் திரட்டி, "சார், எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

அதிகாரி காக்கிச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் யார்?"

"கண்டக்டர். பஸ் நம்பர் நாலு. எந்தப் பக்கம் சார்?"

"அது உங்களுக்குப் புரியாது."

புராஸ்பெக்டஸ் உள்சட்டையிலிருந்து கையேட்டை எடுத்தார். பிரவுன் தாள் அட்டை போட்டு, மூலையெல்லாம் ஒட்டிவைத்த புத்தகம். முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். "அட்... மிஷன்... டு... த..." பஸ்ஸில் அவர் குரல் பெரியது. இங்கே அது சின்னதாகிவிட்டது. முன்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். விரல் அதே வரியில் நின்றுவிட்டது. காது மடல் சிவந்திருந்தது. ஆனால் புத்தகத்தை மூடவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார்.

எனக்காக வந்தார் என்று எழுத ஆசைதான். பொய் எழுதமாட்டேன். ஒரு விதியை ஒருவர் மேற்கோள் காட்டும்போது நடுவில் சிரிப்பதை இருபது வருடக் கிராணியால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான். "இப்படிக் குடுய்யா" என்று கையை நீட்டினார். யாருக்கும் தராத புத்தகத்தைப் புராஸ்பெக்டஸ் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டி, தொண்டையைக் கனைத்து, ஆபீஸ் ஆங்கிலத்தில் வாசித்தார்: "தேவையான பாடங்களில் தேர்ச்சி பெற்ற விண்ணப்பதாரர் எவரும், கமா, இத்துறையில் சேர, கமா, விண்ணப்பிக்கலாம், ஃபுல்ஸ்டாப்." தலையை நிமிர்த்தினார். "எவரும் என்று இருக்கிறது. ஆண் என்று இல்லை. அடுத்த பக்கத்தையும் வாசிக்கட்டுமா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கமாவோடு வாசிக்கும் மனிதரிடம் சிரிக்கத் தைரியம் வராது.

அதிகாரி சமாளித்தார். "விதி அப்படி இருக்கலாம். ஆனால் தங்குவதற்கு? அந்தத் துறை மாணவர் விடுதியில் பெண்களுக்கு இடம் இல்லை."

அப்பா பக்கங்களைப் புரட்டினார். "தங்குமிடம் நாற்பத்தாறாம் பக்கம். சேர்க்கை முப்பத்தொன்றாம் பக்கம். இரண்டும் வேறு வேறு கோப்பு. கலக்கக் கூடாது."

"எங்க தங்கறதுன்னு தங்கச்சி கேக்கலியே சார்" என்றார் புராஸ்பெக்டஸ். குரல் திரும்பி வந்துவிட்டது. "ஃபாரம்தான் கேட்டுச்சு."

வெளியே பாக்சிக் ஹார்ன் அடித்தார். நான் அறிந்தவரை அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான். அதிகாரி படிவத்தைக் கொடுத்தார். விபூதிப் பெரியம்மாவும் கையை நீட்டித் தன் பேரனுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார். எந்தத் துறை என்று கேட்டதற்கு, கிடைக்கிறதைக் கொடு என்று மலாயில் சொன்னார்.

அன்று சாயங்காலம் அப்பா படிவத்தை இரண்டு முறை உரக்கப் படித்தார். பேனாவில் மை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தார். "குடுக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பயணிகளை நடுவழியில் விட்டதற்காகப் புராஸ்பெக்டஸைக் கம்பெனி இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்தியது. அவருக்குப் பதில் வந்த ஆள் ஒழுங்கான ஆள். ஒழுங்கான பெயர்களைச் சொன்னார். ஒருவருக்கும் புரியவில்லை. சீன அம்மா பொருளாதாரத்துக்கு டிக்கெட் கேட்டு அவரோடு சண்டை போட்டார். இரண்டு பேர் வரலாற்றைத் தவறவிட்டு ரசாயனத்தில் இறங்கி இருமிக்கொண்டே நடந்தார்கள். இரண்டாவது வாரம் செக்கரே பஸ்ஸில் ஏறி, "ரோடு இலாகா... அதான் லா, இன்ஜினியரிங்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இந்தத் தடவை கம்பெனி கெட்டியாக ஒரு கடிதம் எழுதியது: ஸ்டாப்பில் நிற்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டுமே கண்டக்டர் சொல்ல வேண்டும், மீறினால் வேலை போய்விடும். அவர் அதைப் படித்தார். மடித்துப் பையில் வைத்தார். ஒரு வாரம் ஊர்ப் பெயர்களை மட்டும், பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்போலச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் ஒரு ஏணியும் வெள்ளை பெயிண்ட்டும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். திங்கட்கிழமை காலையில் டவுன் முதல் புக்கிட் ரம்பாய்வரை ஒவ்வொரு பலகையிலும் ஊர்ப் பெயருக்குக் கீழே துறையின் பெயர் இருந்தது. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. கருத்து நேராக இருந்தது.

"பலகைல இருக்கறதத்தான் சொல்றேன்" என்றார் செக்கரிடம். "வேணும்னா எறங்கிப் படிச்சிப் பாருங்க." செக்கர் பென்சிலை எடுத்தார், யோசித்தார், காதிலேயே செருகிக்கொண்டார்.

எங்கள் ஸ்டாப்பில் மட்டும் ஊர்ப் பெயருக்குக் கீழே வெறும் மரம்.

பல்கலைக்கழகக் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்தது. கீழே இன்னொரு வரி: விடுதியில் தற்போது பெண்களுக்கு இடம் இல்லை, ஏற்பாட்டைத் தாங்களே செய்துகொள்ளவும். அப்பா அதையும் கமாவோடு வாசித்தார். நான் தலைநகரின் செந்தூலில் ஒரு ரயில்வேக் குடும்பத்தின் பின்னறையில், மூன்று குழந்தைகள், ஒரு தையல் இயந்திரம், இரண்டு மூட்டை அரிசி ஆகியவற்றோடு தங்கிப் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான். பட்டறையில் எனக்கு அளவான மேலங்கி இல்லை. இருந்ததை வெட்டித் தைத்துக்கொண்டேன். முதல் பருவத் தேர்வில் முன்வரிசைப் பையன்களில் இருவர் எனக்குக் கீழே. அவர்கள் பெயர்களையும் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். டவுனில் ஏறினேன். அவர் டிக்கெட் கொடுத்து ஓட்டை போட்டார். சட்டம் போயிற்று, இன்ஜினியரிங் போயிற்று, பொருளாதாரம், பல், இந்தியவியல். அடுத்து எங்கள் ஸ்டாப். வழக்கமான "ம்"-க்காகக் காத்திருந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தார்.

"பெண்கள் விடுதி. இடம் இருக்கு. எறங்கறவங்க எறங்கலாம்."

பலகையில் அப்படியேதான் எழுதியிருந்தது. முறுக்கு மீசை வைத்த மூன்று பெரியவர்கள் என்னோடு அந்த ஸ்டாப்பில் இறங்கினார்கள். தினமும் இப்படித்தான் இறங்கவேண்டியிருக்கிறது என்று அவர்களில் ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவர் என் அப்பா.

இப்போது நான் மலாக்கா ரோடு இலாகாவில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் இன்ஜினியரிங்கில் இறங்குகிறேன், கோர்ட்வரை போவதில்லை. சில மாதங்களுக்கு முன் என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. புக்கிட் ரம்பாய் சாலையில் பஸ் நிறுத்தப் பலகைகளில் அனுமதியில்லாத எழுத்துகள் இருப்பதாகவும், அவற்றை அழித்துவிட வேண்டும் என்றும் குறிப்பு. முழுவதும் படித்தேன். கீழே, "எந்த விதியில், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று தெரிவிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். கோப்பு இன்னும் திரும்பி வரவில்லை. வந்தால் மறுபடியும் கேட்பேன்.

எங்கள் ஸ்டாப் பலகையில் மட்டும் மழையில் பெயிண்ட் உரிந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நானே ஏணி போட்டு, பழையதைச் சுரண்டி, இரண்டு பூச்சு அடித்தேன். இரண்டாவது பூச்சு காய்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஈரப் பெயிண்ட்டில் யாரும் உரசிவிடக் கூடாதென்று புராஸ்பெக்டஸ் இருபதடி தள்ளியே கயிற்றை இழுத்து பஸ்ஸை நிறுத்தினார். மீசையெல்லாம் நரைத்துவிட்டது. பலகையைப் பார்த்தார், கையில் பிரஷ்ஷோடு ஏணியில் நின்ற என்னைப் பார்த்தார்.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் பதினான்காவது விதி. எங்கள் ஸ்டாப்புக்குப் பெயர் வைத்த பிறகு அவர் அதை மீறியது அந்த ஒரு தடவைதான்.

"இடம் இருக்கு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.